நீல எழுத்து

மங்கையர்க்கரசி அந்தப் பொத்தானை மறுபடியும் அமுக்கினாள். எதிரே அலமாரியில் இருந்த ஆம்ப்ளிஃபயரின் சின்னக் கண்ணாடிக்குள் மறுபடியும் டிவி என்றே வந்தது. பத்தரை மணிக்கு ரிமோட்டைக் கையில் எடுத்தவள், இப்போது பதினொன்றேகால், குக்கரில் வைத்த பருப்பு வெந்து ஆவி அடங்கி ஆறியே போயிருக்கும். பக்கத்தில் சி.டி. பெட்டி தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, நாலு நிமிஷம் பன்னிரண்டு விநாடி, பதின்மூன்று, பதினான்கு, உள்ளே யாரோ உருகி உருகிப் பாடிக்கொண்டிருக்கிறார், வெளியே ஒரு சத்தம் இல்லை. டிவி வேண்டாம் சனியனே, சி.டி. வேண்டும், இந்தப் பொத்தானுக்குக் கீழேயே சி.டி. என்று போட்டிருக்கிறாயே, எறும்பு சைஸில், நீல எழுத்தில், போட்டதைச் செய்து தொலையேன். அமுக்கினாள். டிவி. கட்டை விரல் நகம் வெளுக்க அமுக்கினாள். டிவி. ஆம்ப்ளிஃபயரிலேயே திருகி மாற்றலாம் என்றால் அதன் முகத்தில் ஆன் பண்ண ஒரு பொத்தான், சத்தம் கூட்ட ஒரு பெரிய குமிழ், வேறு ஒன்றும் கிடையாது, மற்றதெல்லாம் ரிமோட்டில். யாருக்காக இப்படிச் செய்கிறான்கள், ஒரு வீட்டில் ஒரே ஆள் மட்டும்தான் பாட்டுக் கேட்பான் என்று நினைத்தா. பேட்டரியை மாற்றியாயிற்று. அணைத்துப் போட்டாயிற்று. புறங்கையால் ஒரு தட்டும் தட்டியாயிற்று.

"வேண்டாம்" என்றார் தில்லைநாயகம்.

பிரம்பு நாற்காலியில் சாய்ந்து, செயலிழந்த வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அவருக்கு இருக்கும் ஒரே வார்த்தை அது. ஐந்து வாரத்துக்கு முன் ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் வாஷ்பேசினைப் பிடித்தபடியே சரிந்தார், மூளையில் பேச்சு இருக்கும் இடத்துக்கு ரத்தம் போகவில்லை என்றார்கள், பதினோரு நாள் கழித்து வாய் திறந்தபோது அந்த ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது. தண்ணீர் கொடு என்பதற்கும் வேண்டாம், போர்வையை விலக்கு என்பதற்கும் வேண்டாம், வயிறு முட்டிவிட்டது போதும் என்பதற்கும் அதே வேண்டாம். எது எதற்கு என்று புருவத்தையும் கண்ணையும் பார்த்து அவள்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். வேறு ஒரு வார்த்தை மிஞ்சியிருக்கக் கூடாதா, மங்கை என்று அவள் பெயர் மிஞ்சியிருக்கக் கூடாதா என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். இப்போதெல்லாம் அழுகை வருவதில்லை. மிஞ்ச வேண்டியதுதான் மிஞ்சியிருக்கிறது என்று தோன்றுகிறது. முப்பத்தாறு வருஷமாக அந்த வாய் எதை அதிகம் சொல்லிப் பழகியதோ அதுதானே கடைசியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். சாம்பாரில் கத்தரிக்காய் வேண்டாம், ஜன்னலைத் திறக்க வேண்டாம், நீ வர வேண்டாம், அதைத் தொட வேண்டாம். அதைத் தொட வேண்டாம் என்பதில் அது என்பது முக்கால்வாசி இந்த ரிமோட்தான். பாலிதீன் உறை போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றி, தன் நாற்காலியின் வலது கைக்குப் பக்கத்தில் ஸ்டூலின் மேல், ஸ்கேல் வைத்து அளந்த மாதிரி நேராக வைத்திருப்பார். பொதுப்பணித்துறையில் வரைபடம் போட்ட மனுஷர், வீட்டிலும் எல்லாம் நேர்க்கோடாக இருக்க வேண்டும். தூசி தட்டும்போது ஸ்டூலைத் துடைத்தால் ரிமோட்டைத் தூக்காமல் சுற்றித் துடைக்க வேண்டும். அவள் பன்னிரண்டு வருஷம் சுற்றித்தான் துடைத்தாள். மத்தியானம் இரண்டு மணிக்கு அவர் தூங்கும்போது ரேடியோவில் நாடகம் போடுவான், இந்தப் பெட்டியில் ரேடியோவும் இருக்கிறதாம், அவள் ஒருநாள்கூட வைத்துக் கேட்டதில்லை. ஏன் கேட்கவில்லை? கை இல்லையா? யாராவது கையைக் கட்டிப் போட்டார்களா?

"இருங்க" என்றாள். "பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் மூன்று நாள் வரும் பெனசீர் நேற்றுத்தான் சொன்னாள். பேச வராதவர்களுக்குச் சில சமயம் பாட வருமாம், அது மூளையில் வேறு பக்கமாம், சாருக்கு மனப்பாடமாகத் தெரிந்த பாட்டாகப் பார்த்துப் போடுங்க ஆன்ட்டி, கூடவே முனக வந்தால்கூடப் போதும், அதைப் பிடித்துக்கொண்டு நாம் மேலே ஏறிவிடலாம் என்றாள். சின்னப் பெண், கண்ணில் அவ்வளவு நம்பிக்கை. அவள் போனதும் மங்கையர்க்கரசி அவருக்கு மனப்பாடமான ஒரு பாட்டைத் தன் செல்போனில் தேடிப் போட்டாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தகர டப்பாவில் ஈ கத்துகிற மாதிரி இருந்தது என்று அவர் சொல்வது வாய்விட்டுச் சொன்னதைவிடத் தெளிவாகக் கேட்டது. இடது கை எழுந்து ஆம்ப்ளிஃபயரைக் காட்டியது. வேண்டாம், வேண்டாம் என்றார், அது வேண்டும் என்பதற்கான வேண்டாம். வாய் போய், கை போய், கால் இழுத்துக்கொண்டு கிடக்கிற நிலையிலும் பாட்டு என்றால் அந்தப் பெட்டியில்தான் கேட்க வேண்டும், அந்தத் திமிர் மட்டும் போகவில்லை. சரி, கேளுங்கள், நன்றாகக் கேளுங்கள், எப்படி வைப்பது என்று என்றைக்காவது சொல்லிக் கொடுத்தீர்களா? இப்போது கண்ணை உருட்டினால்? அவருக்குத் தெரியும், எந்தப் பொத்தான் என்று தலைக்குள் இருக்கிறது, வெளியே வரவில்லை, அதுதான் அவர் கோபம் என்று அவளுக்குப் புரிகிறது, புரிகிறபோது எரிச்சல் இன்னும் ஏறுகிறது. ரிமோட்டை அவர் இடது கையில் கொடுத்துக்கூடப் பார்த்தாள். அவரும் அந்த டிவி பொத்தானையேதான் அமுக்கினார். நாலு தடவை அமுக்கிவிட்டு மடியில் போட்டார். பாவம், இடது கை என்று நினைத்தாள். பக்கத்துப் பொத்தானைத் தேடி விரல் தவறிவிட்டது என்று நினைத்தாள். தம்பி குருவும் ஒருநாள் இதே இடத்தில்தான், இதே பொத்தானைத்தான். அது இப்போது எதற்கு.

கரண்ட் போனதால் வந்த வினை. முந்தா நாள் சாயங்காலம் போய் முக்கால் மணி நேரம் கழித்து வந்தது. இன்வெர்ட்டர் எடுக்கவில்லை. ஐந்து வாரமாக ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்ததில் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற யாருக்கு ஞாபகம். கரண்ட் போய் வந்தால் இந்தப் பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிட்டு டிவியில் போய் நின்றுகொள்ளும் போலிருக்கிறது. முன்பெல்லாம் அப்படி ஆனால் அருள்தாஸ் வருவான், ஆடியோ கடைப் பையன், பையன் என்ன, முப்பது வயசு ஆள், ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு வருவான், இவர் ஹால் கதவைச் சாத்திக்கொள்வார், லைனில் ஏற்ற இறக்கம், உள்ளே செட்டிங் மாறிவிட்டது, உனக்குச் சொன்னால் புரியாது என்பார். அருள்தாஸ் இப்போது துபாயில். அவன் கிளம்பிப் போன அதே மாசம் இவர் இன்வெர்ட்டர் வாங்கினார். கோடைக்குக் கோடை ஃபேன் இல்லாமல் வெந்து செத்தபோது வாங்காத இன்வெர்ட்டர். அவள் அப்போது சந்தோஷப்பட்டாள், மனுஷருக்கு இப்போதாவது நம் மேல் இரக்கம் வந்ததே என்று.

உறை கசகசத்தது. பன்னிரண்டு வருஷத்து விரல் பிசுக்கில் பாலிதீன் மங்கி, எழுத்தெல்லாம் பனிமூட்டத்துக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. அவள் ரப்பர் பேண்டை இழுத்தாள், அது அறுந்தது. உறையைக் கிழித்தாள். தில்லைநாயகம் நிமிர்ந்தார். வேண்டாம் என்றார், அது நிஜமான வேண்டாம், அவளுக்குத் தெரிந்தது. முழுசாகக் கிழித்துத் தரையில் போட்டாள். எடுக்க மாட்டேன், கிடக்கட்டும், நீங்களே குனிந்து எடுங்கள் என்று நினைத்தாள், குனிய முடியாத ஆளிடம் போய். ஆனாலும் எடுக்கவில்லை. உறை இல்லாத ரிமோட் கையில் சில்லென்று இருந்தது. ஒவ்வொரு பொத்தான் மேலும் வெள்ளை எழுத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே நீல எழுத்து. ஒரு பொத்தானுக்கு இரண்டு வேலை. வெள்ளை வேலை செய்கிறது, நீலம் எங்கே போகிறது? இடது மூலையில் ஒரு பொத்தான், மற்றதைவிடச் சின்னது, அதன் மேல் எழுத்தே நீலம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கிட்டே வைத்துப் பார்த்தாள். ஷிஃப்ட் என்று போட்டிருந்தது. ஷிஃப்ட் என்றால் அப்பாவின் மில், முதல் ஷிஃப்ட்டுக்கு விடிகாலை சங்கு, இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து வந்தால் பஞ்சு ஒட்டிய தலையோடு சாப்பிட உட்கார்வார், குருவும் அவளும் ஆளுக்கொரு பக்கம் அந்தப் பஞ்சைப் பிய்த்து எடுப்பார்கள். இல்லை, அந்த ஷிஃப்ட் இல்லை. வேறு ஒரு ஷிஃப்ட், விரலுக்குத் தெரிந்த ஷிஃப்ட். இடது கைச் சுண்டு விரல் தானாக ஒரு தரம் மடங்கியது. ஜெயந்தி டைப்ரைட்டிங், மாடிப்படி ஏறினால் முப்பது மெஷின் ஒரே நேரத்தில் அடிக்கிற இரைச்சல், மை வாசனை, மூன்றாவது வரிசையில் ஜன்னலோர மெஷின் அவளுடையது. ஒரே கட்டையில் கீழே சின்ன எழுத்து, மேலே பெரிய எழுத்து. பெரிய எழுத்து வேண்டுமென்றால் ஷிஃப்ட். லோயரில் முதல் வகுப்பு. ஹையர் பரீட்சைக்குப் பணம் கட்டிய பிறகுதான் கல்யாணத் தேதி வைத்தார்கள், அதே வாரம். அடுத்த தடவை எழுதிக்கொள்ளட்டும் என்று இவர் வீட்டில் சொன்னார்கள். அடுத்த தடவை வந்தபோது வேண்டாம் என்றார் இவர். உனக்கு என்ன குறை என்றார். ஆமாம், எனக்கு என்ன குறை.

சுண்டு விரலால் அந்த நீலப் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, கட்டை விரலால் டிவி பொத்தானை அமுக்கினாள். டிவி. கண்ணாடிக்குள் ஒரு சின்ன அசைவுகூட இல்லை. இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டு அமுக்கினாள். டிவி. தூக்கிச் சுவரில் அடித்தால் என்ன. இவ்வளவு தூரம் வந்து, சரியான இடத்தைக் கண்டுபிடித்து, அப்போதும் திறக்காத கதவு என்றால் அதை என்ன செய்வது. பக்கத்தில் அவர் மூச்சு வேகமாக வந்தது. பார்க்காதீர்கள், அப்படிப் பார்க்காதீர்கள், நான் முட்டாள் என்று நீங்கள் வாயால் சொல்ல முடியாததைக் கண்ணால் சொல்லாதீர்கள். இன்ஸ்டிடியூட்டில் ஒருநாள் ஒரு தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் அடிக்க வேண்டியிருந்தது, சுண்டு விரல் வலித்தது, மிஸ் வந்து தலையில் குட்டினாள், எதுக்குடி பிடிச்சுக்கிட்டே இருக்கே, பூட்டிவிடு என்றாள். ஷிஃப்ட் லாக். அமுக்கிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும், அது நினைவில் வைத்துக்கொள்ளும், பிறகு எதை அடித்தாலும் மேல் எழுத்து. கையை எடுத்துவிட வேண்டும்.

அமுக்கினாள். எடுத்தாள். ஆம்ப்ளிஃபயரின் கண்ணாடி ஓரத்தில் ஒரு நீலப் புள்ளி எரிந்தது, இவ்வளவு நேரமும் பிடித்துக்கொண்டே இருந்ததில் வராத புள்ளி. அது அணைவதற்குள் டிவி பொத்தானை அமுக்கினாள். உள்ளே டொக் என்று ஏதோ மாறி விழுந்தது. பாட்டு பாதி வரியிலிருந்து ஹால் முழுக்க எழுந்தது, ஜன்னல் கம்பி அதிர்கிற மாதிரி, ஐந்து வாரமாக இந்த வீட்டில் கேட்காத சத்தம். மங்கையர்க்கரசி அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகுதான் அவர் பக்கம் திரும்பினாள். அவர் ஆம்ப்ளிஃபயரைப் பார்க்கவில்லை. முன்னால் குனிந்து, கழுத்தை நீட்டி, அவள் கட்டை விரல் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாடா, கண்டுபிடித்துவிட்டாயே என்கிற முகம் இல்லை அது. அப்படியா என்கிற முகம். முதல் தடவையாக ஒன்றைத் தெரிந்துகொள்கிற முகம். அவளுக்கு அந்த முகம் தெரியும், பெனசீர் படத்தைக் காட்டி இது ஆடு, இது மாடு என்று சொல்லும்போது வருகிற முகம்.

இவருக்குத் தெரியாது. கையோ வாயோ போனதால் இல்லை, முதலிலிருந்தே தெரியாது. பன்னிரண்டு வருஷமாகத் தெரியாது. அதனால்தான் அருள்தாஸ், அதனால்தான் சாத்திய கதவு, அதனால்தான் அவன் துபாய் போன அதே மாசம் இன்வெர்ட்டர். யாராவது தொட்டு மாற்றிவிட்டால் திரும்பக் கொண்டுவரத் தெரியாது, அதனால்தான் தொடாதே. அவருக்குத் தொண்டையில் ஏதோ அசைந்தது. பாட்டு சரணத்துக்குப் போனது, அவர் வாய் மூடியபடியே அதனோடு போனார், மெல்லிசாக, சுருதி பிசகாமல், ம்ம் என்று. பெனசீர் இதற்காகத்தான் சொன்னாள். இதற்காகத்தான் ஒரு மணி நேரம். சந்தோஷப்பட வேண்டும், எழுந்துபோய் அவர் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தெரிகிறது, ஆனால் நெஞ்சுக்குள் வேறு ஒன்று கிளம்பி வந்துகொண்டிருந்தது, அது குருதான், இனி தள்ளிவிட முடியாது. தீபாவளி. பெட்டி வாங்கிய வருஷம். அவளைவிட ஆறு வயசு சின்னவன், அரசு பஸ் டிப்போவில் மெக்கானிக், பெண்டாட்டி செண்பகத்தையும் கூட்டிக்கொண்டு புதுச் சட்டையில் வந்திருந்தான். இவர் குளித்துக்கொண்டிருந்தார். பாட்டு பெரிதாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் அடுப்படியிலிருந்து இலை போடட்டுமாடா என்று கேட்டாள், அவனுக்குக் கேட்கவில்லை. என்னக்கா, என்னக்கா என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு, சத்தத்தைக் குறைக்கலாம் என்று ரிமோட்டை எடுத்தான். டொக். பாட்டு போயிற்று. இவர் துண்டோடு வந்தார். பிடுங்கினார். அமுக்கினார், அமுக்கினார், விரல் நடுங்க அமுக்கினார். கோபத்தில் நடுங்குகிறது என்று நினைத்தாளே அன்றைக்கு. பிறகு சொன்னார், டயர் நோண்டுற கையால இதெல்லாம் நோண்டாதேன்னு உனக்கு யாரும் சொல்லித் தரலையா. குரு தன் கையைப் பார்த்தான். நகத்து இடுக்கில் கிரீஸ், தீபாவளிக்கு எவ்வளவு தேய்த்தும் போகாதது. நான் ஒரு பட்டனைத்தான் அமுக்கினேன் அத்தான் என்றான். இலை போட்டபடி கிடந்தது. இரண்டாம் நாள் அருள்தாஸ் வந்தான், கதவைச் சாத்துவதற்குள் அவள் காப்பி கொண்டுபோனாள், காப்பி ஆறுவதற்குள் பாட்டு வந்துவிட்டது. அவன் கொண்டுவந்த பையின் ஜிப் திறக்கவே இல்லை. அதை அவள் பார்த்தாள். பார்த்தும் கேட்கவில்லை. போர்டே போச்சு, மாத்திட்டான், உன் தம்பி பண்ணின வேலை என்றார் இவர். குரு அதற்குப் பிறகு இந்த வாசல் ஏறவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் சிறுநீரகம் கெட்டுப் போய்ச் சேர்ந்தான். போர்டைக் கெடுத்தவன் என்ற பெயரோடு.

அவள் டிவி பொத்தானை மட்டும் அமுக்கினாள். டொக். பாட்டு செத்தது. அன்றைக்குச் செத்த மாதிரியே. அவருடைய ம்ம் மட்டும் துணையில்லாமல் ஒரு விநாடி நீண்டு நின்றுவிட்டது. நீலம், கையை எடு, டிவி. பாட்டு வந்தது. டிவி. போயிற்று. நீலம், டிவி. வந்தது. மூன்று தடவை செய்தாள், ஒவ்வொரு தடவையும் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே செய்தாள். நாலாவது தடவை பாட்டை நிறுத்தியே வைத்தாள்.

"இதுதான் போர்டா?" என்றாள்.

அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார்.

"தெரியலைன்னு சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருப்பீங்க? அவன் மெக்கானிக். அஞ்சு நிமிஷத்துல அவனே கண்டுபிடிச்சுக் குடுத்திருப்பான்."

அவர் வாய் திறந்து மூடியது. அந்த ஒற்றை வார்த்தைகூட வரவில்லை. கன்னம் நனைந்தது, பக்கவாதம் வந்தவர்களுக்குக் காரணம் இல்லாமலும் கண்ணீர் வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இது எந்தக் கண்ணீர் என்று அவள் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஐந்து வாரமாக எல்லாவற்றையும் கண்டுபிடித்தாயிற்று. அடித்தால் திருப்பி அடிக்க முடியாத ஆளை அடிக்கிறோமோ என்று ஒரு பக்கம் உறுத்தியது, உறுத்தட்டும், திருப்பி அடிக்க முடிந்த காலத்தில் அடிக்கத் தைரியம் இல்லாமல்தானே இப்போது அடிக்கிறோம் என்று இன்னொரு பக்கம் சொல்லியது, அது அதைவிட மோசமாக இருந்தது. செல்போனை எடுத்தாள். யாருக்காவது இதைச் சொல்லியாக வேண்டும், இந்த வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டால் வெடித்துவிடும். செண்பகத்தின் நம்பரைப் பொங்கலுக்குப் பொங்கல் ஒரு தரம் அமுக்குவதோடு சரி.

செண்பகம் பதறிப்போய் எடுத்தாள், அண்ணனுக்கு ஒன்றும் இல்லையே என்றாள். இல்லை, நன்றாகத்தான் இருக்கிறார் என்றாள் மங்கையர்க்கரசி. பிறகு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், வெள்ளை எழுத்து, நீல எழுத்து, ஷிஃப்ட், அமுக்கிவிட்டுக் கையை எடுக்க வேண்டும் என்பது, ஒன்றுக்குப் பின் ஒன்றாக, அவளுக்குப் புரிகிறதா என்றுகூடப் பார்க்காமல், அவர் காதில் விழட்டும் என்று ஒவ்வொரு சொல்லையும் அழுத்தி. "அன்னைக்கு அவன் எதையும் கெடுக்கலை செண்பகம். எதுவுமே கெட்டுப்போகலை. ரெண்டு பட்டன் அமுக்கினா வந்திருக்கும். இவருக்குத் தெரியலை. தெரியாததை மறைக்க அவன் மேல போட்டுட்டார்."

அந்தப் பக்கம் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தினாள் போலிருக்கிறது.

"அவர் அதைப் பெருசா எடுத்துக்கலை அண்ணி" என்றாள் செண்பகம். "அண்ணன் சுபாவமே அப்படித்தானேன்னு பஸ்ஸுலயே சொல்லிச் சிரிச்சார். டிப்போவுல இதைவிடத் திட்டு வாங்குவாராம்."

"அப்புறம் ஏன்டி அவன் வரவே இல்லை?"

செண்பகம் போனதெல்லாம் போகட்டும் என்றாள், அண்ணனைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். மங்கையர்க்கரசி விடவில்லை. சொல்லு என்றாள். சொல்லாமல் வைக்கக் கூடாது என்றாள்.

"நீங்க கேட் வரைக்கும் வந்தீங்களே அண்ணி. கையில கரண்டியோட. அப்ப ஒண்ணு கேட்டீங்க அவரை. உனக்கெல்லாம் எதுக்குடா இதுன்னு." அவள் குரலில் குற்றம் சாட்டுவது ஒன்றும் இல்லை, இருந்திருந்தால் பரவாயில்லை. "அந்த உனக்கெல்லாம்ங்கறதுதான். அதைத்தான் ராத்திரி பூரா சொல்லிட்டு இருந்தார். அக்காவுமா, அக்காவுமான்னு. ஆஸ்பத்திரியில கடைசியிலகூட ஒரு தரம் கேட்டார்."

நான் கேட்டுக்கு வரவே இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அடுப்படியில் இருந்தாள், இலை போட்டிருந்தது, அவன் போவதை ஜன்னல் வழியாகத்தான் பார்த்தாள், இத்தனை வருஷமும் அந்த ஜன்னலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அடுப்படி ஜன்னல் கொல்லைப் பக்கம் பார்த்தது. அதிலிருந்து கேட் தெரியாது. எப்படித் தெரியும். கரண்டியிலிருந்து சாம்பார் சொட்டி கேட் கம்பியில் விழுந்தது, குரு அது தன் புதுச் சட்டை ஓரத்தில் படாமல் ஒதுங்கிக்கொண்டான், செண்பகம் தலையைக் குனிந்துகொண்டு செருப்பை மாட்டினாள், உள்ளே இவர் காதில் விழ வேண்டும் என்றுதான் அவள் அதைச் சத்தமாகக் கேட்டாள், நான் உங்கள் பக்கம்தான் என்று இவருக்குத் தெரிய வேண்டும் என்றுதான். குரு அவளை நிமிர்ந்து பார்த்தான்.

ஹாலில் சி.டி. பெட்டி சத்தமில்லாமல் அடுத்த பாட்டுக்குப் போயிருந்தது. தில்லைநாயகம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். செண்பகம் அந்தப் பக்கம் அண்ணி, அண்ணி, இருக்கீங்களா என்றாள்.

"இருக்கேன்" என்றாள் மங்கையர்க்கரசி. பிறகு, "ஆமா. கேட்டேன்" என்றாள்.